கரண்டு சுருதி

சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இந்த வேலைக்குத் தனியாக ஓர் அறை, அறைச் சுவர் முழுக்கப் பொட்டுப் பொட்டாய் ஓட்டை, ஐஸ் கம்பெனிக் கதவு மாதிரி தடித்த ஒரு கதவு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மெஷின், அதை ஓட்ட தாரணி என்று கோட்டில் பெயர் குத்திய ஒரு பெண். "எவ்ளோ சின்னதாக் கேட்டாலும் அமுக்கிருங்க சார், கேட்ட மாதிரி இருந்தாக்கூட அமுக்குங்க, தப்பாயிருமோன்னு ரோசனை பண்ணாதீங்க" என்று சொல்லி, சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு என்று ஹெட்போனை அவளே மாட்டிவிட்டுப் போயிருந்தாள். சேனாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வருஷக்கணக்காய் ஹெட்போனோடு குடும்பம் நடத்துகிற ஆளுக்கு ஹெட்போன் மாட்டிவிடுகிறார்களாம்! வரவில்லை. சிரிப்பு கிளம்ப வேண்டிய இடத்தில் பல் டாக்டர் ஊசி போட்டுவிட்ட மாதிரி தடித்துக் கிடந்தது. பீப். ஆயிரம் ஹெர்ட்ஸ், வலது காது, நல்ல தெளிவு, அமுக்கினான். மறுபடி பீப், இன்னும் சின்னதாய், அமுக்கினான். அதைவிடச் சின்னதாய் ஒன்று, எறும்பு இருமின மாதிரி, அதற்கும் அமுக்கினான், அமுக்கும்போதே லேசாய் ஒரு பயம், ஏனென்றால் கேட்கிறது, கேட்கக் கூடாதே. இந்த அறைக்கு வருகிற சனங்கள் எல்லாரும் சாமி, காது நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டு வருவார்கள். சேனா என்கிற தேவசேனாபதி ஒருத்தன்தான் காது போயிருக்கணும் என்று வேண்டிக்கொண்டு வந்திருந்தான். காது போச்சு என்று ஒரு ரிப்போர்ட் கையில் கிடைத்துவிட்டால் போதும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற இம்தியாஸிடம் நீட்டிவிடலாம், மாப்ள, இனிமே நான் வரல, காது போச்சு பாத்துக்க என்று சொல்லிவிடலாம், காது போனவனை யார் திட்டுவார்கள்? காது நன்றாயிருந்தால் வேறு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தைத் தொடப் போனாலே மனசு சைக்கிள் செயின் மாதிரி கழன்று கழன்று விழுந்தது.

பீப். இது கீழ்ச் சத்தம், இருநூற்றைம்பது. கீழ்ச் சத்தம் என்றாலே கணபதி ஏரியாவில் இருந்த அந்த மாடி அறைதான். இம்தியாஸின் சித்தப்பா அங்கே எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக் கட்டுகிற கடை வைத்திருந்தார், மேலே காலியாய்க் கிடந்த அறையில்தான் 'மும்முனை' என்கிற அவர்களுடைய மூன்று பேர் குழு உட்கார்ந்து 'எர்த்' என்கிற ஆல்பத்தைச் செய்தது. இம்தியாஸ் தாள மெஷின், ஜெசிந்தா பாட்டும் கீபோர்டும், சேனா ரெக்கார்டிங், மிக்ஸிங், எல்லாத் துண்டையும் ஒட்டுப் போட்டுச் சட்டையாக்குகிற தையல்காரன் வேலை. முதல் நாளே ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். எர்த் சரியில்லை என்றார் சித்தப்பா. பின்சந்தில் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டிப் புது எர்த் போட்டார்கள், இம்தியாஸ் தினமும் காலையில் செடிக்கு ஊற்றுகிற மாதிரி அதற்கு ஒரு குடம் தண்ணி ஊற்றினான், இரைச்சல் அசைந்து கொடுக்கவில்லை. ஒயரை மாற்றியாச்சு, பெட்டியை மாற்றியாச்சு, சேனா தரையில் படுத்து ஒவ்வொரு பிளக்காய்ப் பிடுங்கிப் பார்த்தாச்சு, ம்ம்ம் என்று அது பாட்டுக்கு அது. சண்டை வராத குறை. ஒருநாள் மத்தியானம், கீழே யாரோ மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, படுத்திருந்த சேனா எழுந்து உட்கார்ந்து, "ஏண்டா, அதைத் தொரத்தறதுக்குப் பதிலா நாமளே அதுகூடப் போயிரலாம்ல" என்றான். கரண்டு என்ன சுருதியில் வருகிறதோ அதுதான் இனி நம் சுருதி. அதுவோ எந்த கீபோர்டிலும் இல்லாத சுருதி, இரண்டு கட்டைக்கு நடுச்சந்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, அந்தச் சந்துக்குள் தள்ளினார்கள். ஜெசிந்தாதான் பாவம். சின்ன வயசிலிருந்து சர்ச் குயரில் ஆர்கனோடு பாடி வளர்ந்த தொண்டை, "எந்த ஊர்ச் சுருதிடா இது, பாடுனா பல்லுக் கூசுது" என்று நாலைந்து நாள் கத்தினாள், திட்டினாள், மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறிப் போனாள், மறுநாள் வந்து நின்ற நிலையில் அந்த இரைச்சல் மேலேயே குரலைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்தாளோ இல்லையோ, இரைச்சலைக் காணோம். போகவில்லை, அங்கேயேதான் இருந்தது, பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குச் சேனா மொட்டை மாடிக்கு ஏறிப்போய்த் தண்ணி டேங்க் பக்கத்தில் நின்று அழுதான். சந்தோஷத்தில்தான். சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தது, டேங்க் நிரம்பி வழிந்து கால் நனைந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அழுதது ஞாபகம் இருக்கிறது, எப்படி அழுதோம் என்பதுதான் ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. அமுக்கினான்.

அந்த அழுகை அப்புறம் எங்கே போச்சு? எந்த இடத்தில் போச்சு? பர்ஸ் தொலைந்தால் டீக்கடையில் வைத்தேனா, பஸ்ஸில் விட்டேனா என்று பின்னாலேயே நடந்து பார்க்கலாம், இதை எப்படித் தேடுவது? பீப், அமுக்கினான். ஆறாவது பாட்டாகத்தான் இருக்க வேண்டும். ஜெசிந்தாவின் குரல் ஓய்ந்த பிறகு இரைச்சல் மட்டும் தேய்ந்து தேய்ந்து போகிற இடம், ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இருக்காது. அந்த ஒரு மூச்சைச் சேனா ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டான். திரும்பக் கேட்டான், கொஞ்சம் குறைத்தான், திரும்பக் கேட்டான், கொஞ்சம் கூட்டினான், சோறு ஆறிப்போனது, திரும்பக் கேட்டான். ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அது வார்த்தையாக இல்லாமல் வாயசைவாக ஆகிவிடுமே, அந்த மாதிரி. கடைசியில் இது போதும் என்று மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், கன்னத்தில் தண்ணி ஓடியது. இம்தியாஸ், அந்தத் தடியன், எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான், தோள் குலுங்கியது. சேனா மீட்டரில் பச்சை விளக்கு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்து அறை அமைதியாக இருந்தபோது, "இன்னொரு அரை டெசிபல் கொறைச்சுக்கலாம்" என்றான். அவர்கள் இரண்டு பேரும் அவனை எப்படிப் பார்த்தார்கள்! இவன்தான்டா ஆர்ட்டிஸ்ட் என்கிற மாதிரி. தூ. உள்ளே ஒன்றுமே இல்லாததால்தானே வாயில் டெசிபல் வந்தது, அது அவர்களுக்கு எப்படித் தெரியும். களைப்பு என்று நினைத்தான். தூங்கி எழுந்தால் வந்துவிடும் என்று நினைத்தான். தூங்கினான், எழுந்தான், போட்டுக் கேட்டான். ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி இருந்தது.

ஆல்பம் வெளிவந்தது. வந்த வேகத்தில் என்னென்னவோ நடந்தது. பம்பாயிலிருந்து நடக்கிற ஒரு இணையப் பத்திரிகை நீளமாய் எழுதியது, இவர்கள் மின்சாரத்தையே அழ வைத்துவிட்டார்கள் என்று. பவர்கட் காலத்தில் படித்து வளர்ந்த தலைமுறையின் ஒப்பாரி இது என்று ஒருத்தர் தமிழில் எழுதினார். மிக்ஸி ஓடுகிற சத்தத்தையெல்லாம் பாட்டு என்கிறான்களே, காலக் கொடுமை என்று இன்னொருத்தர் எழுதினார், அவரை நூறு பேர் சேர்ந்துகொண்டு விரட்டினார்கள். விளக்கை அணைத்துவிட்டு வெறுந்தரையில் படுத்து இதைக் கேட்க வேண்டும் என்று பையன்களும் பெண்களும் மொசைக் தரையில் படுத்துப் படம் எடுத்துப் போட்டார்கள். திருநெல்வேலியில் ஒரு தாய், என் பிள்ளை எதற்கும் தூங்கமாட்டான், உங்கள் ஆறாவது பாட்டுக்குத் தூங்குகிறான், நீங்கள் நல்லா இருக்கணும் என்று எழுதியிருந்தாள். நல்லா இருக்கணுமாம். சேனா அதையெல்லாம் பேப்பரில் கடைசிப் பக்கத்து டெண்டர் விளம்பரம் படிக்கிற மாதிரி படித்தான், படித்த கையோடு இரண்டு கை கூப்பிய பொம்மை ஒன்றை எல்லாருக்கும் அனுப்பினான். அம்மா மட்டும் போனைக் காதில் வைத்து இரண்டு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏங் கண்ணு, இதுக்கா இத்தன நாளு சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்த? நம்ம ஃபிரிட்ஜாட்டவே இருக்குது" என்றாள், அவனுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, அப்படி இருந்ததும் ஒரு நொடிதான். இதற்குள் இம்தியாஸ் வேலையை விட்டுவிட்டான். பம்ப் கம்பெனியில் நல்ல வேலை, வீட்டில் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "இனிமே இதான் மாப்ள நம்ம பொழப்பு" என்று சேனாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அடுத்த ஆல்பத்துக்குச் சென்னையிலிருந்து ஆள் பேசிவிட்டார்கள், சனிக்கிழமை பெங்களூரில் மேடை. அதற்கான ஒத்திகையில்தான் சேனா மாட்டிக்கொண்டான். ஜெசிந்தா பாட்டை நிறுத்தி, "இரைச்சல் ரொம்ப ஏறிப்போச்சு, கொறைடா" என்றாள், சேனா நிமிர்ந்து, "எந்த இரைச்சல்?" என்று கேட்டான். அவன் நிஜமாகத்தான் கேட்டான். அந்த நிமிஷம் அவனுக்கு அது தெரியவில்லை, சுவர் இருப்பது தெரியாத மாதிரி. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், சேனாவுக்கு ஒரு வழி திறந்தது. "காதுல என்னவோ கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்குது" என்றான். இம்தியாஸுக்கு முகம் வெளுத்துப்போனது. அவனே போன் போட்டு இந்த இடத்தைப் பிடித்து, அவனே வண்டியில் உட்காரவைத்து, வழியெல்லாம் மெதுவாக ஓட்டிக் கூட்டிக்கொண்டு வந்தான், காது கீழே விழுந்து உடைந்துவிடும் போல.

பீப். நாலாயிரம். கேட்டது. சேனா அமுக்கவில்லை. முதலில் அது ஒரு தயக்கம்தான், விரல் பட்டன் மேல் இருந்தது, அழுத்தம் போகவில்லை. பீப், கொஞ்சம் பெரிதாய். அமுக்கவில்லை. பீப், இன்னும் பெரிதாய், வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. அப்போது அமுக்கினான். அட, இவ்வளவு சுலபமா! சத்தத்தோடு பொழைக்கிறவனுக்குக் காது போனால் எங்கே பள்ளம் விழும் என்று அவனுக்குத் தெரியாதா, நாலாயிரத்தில்தான் விழும், அங்கே ஆழமாய் ஒரு குழி, ஆறாயிரத்தில் கொஞ்சம் மேடு, எட்டாயிரத்தில் சமாளிப்பு, கீழ்ச் சத்தமெல்லாம் பத்திரமாய் இருக்க வேண்டும், எல்லாமே போச்சு என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வலது காதுக்கு மிதமாய், இடது காதுக்குக் கொஞ்சம் கூடுதலாய். அதையும் ஒரே அளவில் விடக் கூடாது, நிஜமான ஆள் நடுவில் தடுமாறுவான், கேட்டதா இல்லையா என்று ஒருமுறை வீணாய் அமுக்குவான், அதனால் சேனா ஒருமுறை வீணாய் அமுக்கினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாரணி குனிந்து குறித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்த்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. எத்தனை மாசமாச்சு இப்படி ஒரு சத்தத்துக்குக் காத்திருந்து! அடுத்தது எங்கே வரும், எவ்வளவு சின்னதாய் வரும் என்று உடம்பெல்லாம் காதாய் உட்கார்ந்திருந்தான், தன் செவிட்டைத் தானே மிக்ஸ் பண்ணிக்கொண்டிருந்தான், பண்ணுவது நன்றாகவும் இருந்தது. ஐயோ, நன்றாக இருக்கிறதே என்று தோன்றியதும் அதுவும் போய்விட்டது. கையைச் சுட்டுக்கொண்ட மாதிரி வெடுக்கென்று போய்விட்டது. திரும்ப அந்தத் தடித்த இடம். திரும்ப பீப்.

"இப்ப வார்த்தை சொல்றேனுங்க சார், அப்படியே திருப்பிச் சொல்லுங்க" என்றாள் தாரணி ஹெட்போனுக்குள். வாயைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டாள். வாசல் என்றாள், வாசல் என்றான். தக்காளி என்றாள், தக்காளி என்றான். குரல் இறங்கிக்கொண்டே போனது. தொட்டில் என்றாள், நன்றாகக் கேட்டது, அவள் ட் சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தை விட்டு வருகிற சின்ன ஈரம்கூடக் கேட்டது, "சரியாக் கேக்கலீங்க" என்றான். மூக்குத்தி என்றாள், கேக்கலீங்க என்றான். அவளுக்குச் சளி பிடித்திருக்கிறது, இரண்டு நாளாய் இருக்கும், மூச்சில் தெரிகிறது. பின்னால் ஏதோ ஒரு மெஷினில் காற்றாடி ஓடுகிறது, அதற்கு பேரிங் தேய்ந்திருக்கிறது. இதையெல்லாம் கேட்டு என்ன ஆகப்போகிறது? கேட்பது காது வரைக்கும் வந்து, காதைத் தாண்டி மண்டைக்குள்ளும் வந்து, அப்புறம் யாரும் இல்லாத வீட்டில் காலிங் பெல் அடிக்கிற மாதிரி அடித்துக்கொண்டே நிற்கிறது, கதவைத் திறக்கிற ஆள்தான் எங்கேயோ போய்விட்டான், எங்கே போனான், திரும்பி வருவானா, வரமாட்டானா, இம்தியாஸிடம் இதைச் சொன்னால் அவன் என்ன சொல்வான், ரெஸ்ட் எடு மாப்ள என்பான், பிரியாணி வாங்கிக் கொடுப்பான், ரெஸ்ட் எடுத்தும் வராவிட்டால்? அப்புறமும் வராவிட்டால்? காது போனால் மெஷின் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், இதற்கு என்ன பெயர்? தாரணி ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அட்டை இன்னும் வாயை மறைத்திருந்தது. அப்புறம் அவள், "முடிஞ்சிருச்சுங்க சார், வெளிய வந்துருங்க" என்றாள். அப்பாடா என்று சேனா ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எழுந்து, அந்தத் தடித்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

தாரணி அட்டையை மேஜை மேல் வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. "சார், இப்ப நான் வெளிய வாங்கன்னு சொன்னேன்ல, அது காத்துல எல அசையற அளவு சத்தமுங்க. அதவிடச் சத்தமாச் சொன்ன மூக்குத்தியே கேக்கலைன்னீங்க, அப்புறம் இது எப்படிங்க கேட்டுச்சு" என்றாள். சேனாவுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. "நட்ட ஈடு வாங்க வர்றவங்க சில பேரு இப்படிப் பண்ணுவாங்க. பாத்துப் பாத்துப் பழகிப்போச்சுங்க. உங்களுக்கு எதுக்குங்க சார்?" என்றாள். "எனக்குப் பாட்டுக் கேக்கலீங்க" என்றான். "எல்லாம் கேக்குது. பாட்டு மட்டும் கேக்கல." அவள் சிரிக்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள், "அது இந்த மெஷின்ல வராதுங்க சார்" என்றாள். "வேற டாக்டர் பேரு எழுதித் தரட்டுங்களா? மனசுக்குப் பாக்கறவரு. நல்லாப் பேசுவாரு." எழுதிக் கொடுத்தாள், வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். காதைப் பற்றி ஒன்றும் கவலை வேண்டாம் என்றாள், இந்த வயசில் இப்படி ஒரு காதை அவள் பார்த்ததில்லையாம், பச்சைப் பிள்ளைக் காதாம். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு, சொல்லிக்கொண்டே கதவையும் திறந்துவிட்டாள்.

பெஞ்சிலிருந்து இம்தியாஸ் துள்ளி எழுந்தான். "என்ன சொன்னாங்க? டேய், என்ன சொன்னாங்க?" சேனாவுக்குப் பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ரிப்போர்ட் நாளைக்கு வருமாம் என்று சொல்லலாம், ஒரு நாள் கிடைக்கும். ஆனால் பச்சைப் பிள்ளைக் காது என்று அந்தப் பெண் சொன்னது வெளியேயும் கேட்டிருக்கும், கதவு திறந்துதானே இருந்தது, இம்தியாஸின் முகம் ஏற்கெனவே மலர்ந்துகொண்டிருந்தது. "ஒண்ணும் இல்லியாம்" என்றான் சேனா. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று இம்தியாஸ் அவனைக் கட்டிப்பிடித்த பிடியில் விலா எலும்பு நொந்தது. "செத்துப் பொழைச்சேன்டா நானு, ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இரு, மொதல்ல ஜெசிகிட்டச் சொல்லுவோம், அவ வேற உபவாசம் இருக்கறா." போனை எடுத்து எண்ணைத் தேடினான். சேனா அந்தக் கையைப் பிடித்தான். "போன் போடாத. கேளு. எனக்குக் காது போயிருக்கணும்னுதான்டா வந்தேன். உள்ள பொய்யாக்கூட அமுக்கிப் பாத்தேன், அந்தப் புள்ள கண்டுபிடிச்சிருச்சு." இம்தியாஸுக்கு ஒன்றும் புரியவில்லை, பாதிச் சிரிப்போடு நின்றான். "நம்ம பாட்டக் கேட்டா எனக்கு உள்ள ஒண்ணும் ஆகமாட்டேங்குது. நீங்க ரெண்டு பேரும் அழுதீங்களே, அன்னைக்கே எனக்கு ஒண்ணும் ஆகல. எந்தப் பாட்டுலயும் ஆகல. நான் சனிக்கிழமை வரல. அடுத்த ஆல்பத்துக்கும் வரல. காது மேல பழியப் போட்டுட்டுப் போயிரலாம்னு பாத்தேன், வேற ஒண்ணுமில்ல." டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், காது கேட்காதவர், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் வேலைய விட்டுட்டேனேடா" என்றான் இம்தியாஸ். கத்தவில்லை, குற்றம் சொல்கிற மாதிரிகூட இல்லை, சேனாவுக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னான். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கையை முட்டி மேல் ஊன்றி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். சேனா பக்கத்தில் உட்கார்ந்தான். இம்தியாஸின் தொண்டையில் எச்சில் இறங்குவது கேட்டது, மூக்கடைத்த மூச்சு திக்கித் திக்கி வருவது கேட்டது, விரல் இடுக்கில் ஈரம் கசகசப்பதுகூடக் கேட்டது. வருத்தப்பட வேண்டிய இடம் இது என்று சேனாவுக்குத் தெரிந்தது. இருபது வருஷப் பழக்கம், இவனுக்காக இப்போது வருத்தப்படாவிட்டால் அப்புறம் எதற்கு வருத்தப்படுவது. காத்திருந்து பார்த்தான். வரவில்லை. வருத்தம் வந்த ஆள் என்ன செய்வானோ அதைச் செய்தான், கையைத் தூக்கி இம்தியாஸின் முதுகில் வைத்தான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. உள்ளிருந்து கையாட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள், பெரியவர் எழுந்து போனார், கதவு மூடியது. சேனா கையை எடுக்கவில்லை.